முப்பத்தைந்தில் ஒன்று

சங்கிலிப் பட்டைக்கு மட்டும் நூற்றெண்பது கண்ணிகள்.
ஒவ்வொன்றிலும் அச்சு விட்டுப்போன மூன்று தழும்பு.
பிர்னோ டிராம் பணிமனையில்
சாப்பாட்டு இடைவேளைதோறும்
ரொட்டிக்குப் பக்கத்தில் உப்புத்தாளை விரித்துத்
தேய்த்துக்கொண்டிருந்தேன், அக்டோபர் முழுக்க.
"இருபது டன் டிராம் ஓட்டுகிறவன்
பேன் பார்க்கிறான் பாருங்கள்" என்றான் ஹைனெக்.
மறுக்கவில்லை.
பேன் பார்க்கிற வேலைதான்.

வீட்டில் சமையலறை மேசையின் ஜன்னலோரப் பாதி எனக்கு.
மறுபாதி ஷார்காவின் கணக்குப் புத்தகங்களுக்கு.
நடுவில் எல்லையாக ஒரு மரக்கரண்டி.
பசை நாற்றம் அந்தப் பக்கம் போனால்
கரண்டி இந்தப் பக்கம் நகரும்.

கோபுரத்தின் கைப்பிடிகள் பிளாஸ்டிக்கில் தடித்திருந்தன.
வெட்டி எறிந்துவிட்டுச் செம்புக் கம்பியை வளைத்தேன்.
ஒன்று சாமணத்திலிருந்து தெறித்தது.
போனது போனதுதான்.
தரையில் கன்னத்தை வைத்துத் தேடியதில் கிடைத்தவை:
ஒரு காய்ந்த பட்டாணி,
போன வருஷத்து டாங்கியின் முகப்பு விளக்கு.

பிறகு நிறம்.
அடியில் கறுப்பு, மேலே பச்சை,
விளிம்புகளில் கொஞ்சம் வெளிறிய பச்சை.
பளிச்சென்று முடித்த அத்தனையையும் அப்புறம்
எண்ணெயும் துருவும் புழுதியுமாக
அழுக்காக்க வேண்டும்.
இதில்தான் எனக்குப் பெயர்.
என் அழுக்குக்கு இதுவரை மூன்று வெள்ளிப் பதக்கம்.

கடைசியாக அந்த வெள்ளைக்கோடு.
அறுபத்தெட்டு ஆகஸ்டில் எல்லை தாண்டி வந்த வண்டிகளும்
எங்கள் வண்டிகளும் ஒரே வார்ப்பு, ஒரே பச்சை.
யார் யாரென்று தெரிய
ஒரு பட்டை வெள்ளை.
நான் அப்போது பிறக்கவில்லை.
புகைப்படங்களை அளந்து, நாடா ஒட்டி,
காற்றுத்தூரிகையால் மூன்று மெல்லிய பூச்சு.
உரித்தபோது கத்தியால் கீறியதுபோல் விளிம்பு.
விசிலடித்தேன்.

வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தர வந்த
மூன்றாம் மாடி லிபுஷே
அதைச் சாத்தாமலே நின்றாள்.
"இது இப்படி இல்லை."
"எது?"
"கோடு. பையன்கள் கிடைத்ததை வைத்து இழுத்தது,
துடைப்பத்தை வாளியில் தோய்த்த மாதிரி.
ஒரு வண்டியின் பக்கவாட்டில் கைவைத்துத் தள்ளினேன்."
"டாங்கியையா?"
"பத்தொன்பது வயசு. தள்ளினேன்."
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
"சுண்ணாம்பு போல ஒட்டிக்கொண்டது.
நேரே ஆபீசுக்குப் போய்த் தட்டச்சு செய்தேன்.
அன்றைய தாள் எல்லாவற்றிலும் வெள்ளை."
பிறகு,
"ஏணியை எங்கே வைக்க?" என்றாள்.

கரைத்துத் துடைத்தேன், முழுக் கோட்டையும்.
கெட்ட கோடு போடுவது லேசில்லை.
பழகிய கை நேராகவே போகிறது.
இடது கையால் முயன்றேன், கண்ணை மூடி முயன்றேன்,
மயிர் உதிர்ந்த தூரிகையால் முயன்றேன்.
குறுக்கே பாய்ந்த சைக்கிளுக்குத் திடீர் பிரேக் போட்டுவிட்டு
உதறல் நிற்காமல் வீடு வந்த இரவில்
ஒரே இழுப்பில் விழுந்தது:
தொடக்கத்தில் தடித்து, நடுவில் வற்றி,
முனையில் ஒழுகி,
எங்கோ போகிற அவசரத்தில்.

காய்வதற்குள் பக்கவாட்டில்,
நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கை எட்டும் உயரத்தில்,
ஈரப் பஞ்சால் ஒரு தொடல்.
கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
உள்ளங்கை அகலத்தை முப்பத்தைந்தால் வகுத்தால்
இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

வசந்தகாலப் போட்டியில் நடுவர் ஓத்தகர்
பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.
அழுக்கைப் புகழ்ந்தார், செம்புக் கம்பியைப் புகழ்ந்தார்.
"கோடு பிசகு. இங்கே பூச்சும் போயிருக்கிறது.
வரும் வழியில் யாரோ தொட்டிருக்கிறார்கள்."
"ஆமாம்," என்றேன், "தொட்டார்கள்."
நான்கு புள்ளி குறைத்தார்.

திரும்பும்போது பெட்டி என் மடியில்.
ஓட்டியது ஹைனெக்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு
ஒவ்வொரு வளைவிலும்
காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தான்.